புரையேறி இறந்ததா குழந்தை?

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் நாமக்கல் சமவெளியின் வெக்கை மறந்தே போகும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிற கொல்லிமலையில் மார்கழி இரவு என்பது போர்வைக்குள் ஒடுங்கும் இரவு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கவலை இன்னும் கூடுதல். காதை மூடிக் குல்லா, கழுத்துவரை துணிச்சுற்று, அதன்மேல் கம்பளி, சில வீடுகளில் பக்கத்திலேயே கனலும் கணப்பு. பிள்ளைக்குச் சளி பிடித்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் செய்வதுதான் எல்லாமே. ஆனால், அந்த அக்கறையோடு குழந்தையின் மூச்சுக்கு இடைஞ்சலான சில பழக்கங்களும் கலந்திருக்கின்றன. அவற்றைப் பற்றித் தமிழ்நாட்டில் போதுமான பேச்சு இல்லை.

இரவு பால் குடித்துவிட்டுத் தூங்கிய குழந்தை காலையில் கண் விழிப்பதில்லை. முந்தைய நாள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ எதுவும் இல்லை. மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வருகிறது: பால் புரையேறிக் குழந்தை பலி. வழக்கும் அந்த அளவிலேயே முடிகிறது. இந்த மரணங்களில் எத்தனை உண்மையிலேயே புரையேறியதால் நேர்ந்தவை என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம் தெரியாத திடீர் சிசு மரணத்துக்கு மருத்துவ உலகம் 1969இல் சியாட்டில் மாநாட்டில் வரையறை வகுத்தது. பிரேதப் பரிசோதனை, குழந்தை படுத்திருந்த இடத்தின் ஆய்வு, முந்தைய உடல்நிலை வரலாறு ஆகிய மூன்றையும் பார்த்த பிறகும் காரணம் பிடிபடாவிட்டால்தான் ஒரு மரணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியும் என்பது இன்றைய நடைமுறை. இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பதே நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியிருக்க, இந்த மரணங்களுக்குத் தனிக் கணக்கு எங்கிருந்து வரும்?

2020இல் ஆயிரம் பிறப்புகளுக்கு 28 சிசு மரணங்கள் என்று இந்தியா இருந்தபோது தமிழ்நாடு 13க்கு இறங்கியிருந்தது. பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததும், எடை குறைந்த குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்ததும், தடுப்பூசியும் சேர்ந்து கொடுத்த பலன் இது. இதற்குக் கீழே இறங்க வேண்டுமானால், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன பிறகு தூக்கத்தில் நேரும் மரணங்களையும் பார்த்தாக வேண்டும்.

புரையேறிவிடும் என்ற பயம் தமிழ்த் தாய்மார்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் கோடிக்கணக்கான பெற்றோர் நம்பிய குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக், தன் புகழ்பெற்ற நூலின் 1958 பதிப்பிலிருந்து குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார். மல்லாந்து படுத்த குழந்தை கக்கினால் மூச்சடைத்துவிடும் என்பதே அவர் சொன்ன காரணம். ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் அதே வழியில் போயின. நெதர்லாந்தில் 1970களில் இந்த அறிவுரை பரவியதும் தூக்கத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறியது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சூசன் பீல் என்ற மருத்துவர் குழந்தையை இழந்த வீடுகளுக்கு நேரில் போய், குழந்தை எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தது, மேலே என்ன போர்த்தியிருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டே இருந்தார். நியூசிலாந்தில் 1987 முதல் 1990 வரை நடந்த பெரிய ஆய்வு மூன்று காரணங்களைச் சுட்டியது: குப்புறப் படுப்பது, தாய் புகைப்பது, தாய்ப்பால் இல்லாமை. பிரிட்டன் 1991 இறுதியிலும் அமெரிக்கா 1994இலும் குழந்தையை மல்லாத்திப் படுக்கவையுங்கள் என்று பிரச்சாரம் தொடங்கின. சில ஆண்டுகளில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்து தேவைப்படவில்லை, கருவி தேவைப்படவில்லை. 1970லேயே கையில் இருந்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கும் என்று 2005இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

பயம் ஏன் தவறு என்பதற்கு உடலமைப்பே பதில் சொல்கிறது. மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. வயிற்றிலிருந்து எதுக்களிக்கும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழ். பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவைத்து, பிறகு மல்லாத்திப் படுக்கவைப்பதுதான் பாதுகாப்பு. ஒருக்களித்துப் படுக்கவைப்பதும் சரியல்ல. அந்த நிலையிலிருந்து குழந்தை எளிதாகக் குப்புறச் சரிந்துவிடும்.

ஏன் சில குழந்தைகள் மட்டும்? 1994இல் அமெரிக்காவின் ஃபிலியானோவும் ஹன்னா கின்னியும் முன்வைத்த விளக்கத்தின்படி மூன்று ஒருசேர வருகின்றன: இயல்பிலேயே பலவீனம் உள்ள குழந்தை, முதல் ஆறு மாதம் என்ற வயது, வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடி. மூச்சு தடைபட்டால் திடுக்கிட்டு விழிக்கவைக்கும் மூளைத்தண்டு இந்தக் குழந்தைகளிடம் சரிவர வேலை செய்வதில்லை என்பது கின்னி குழுவினரின் கண்டுபிடிப்பு. குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்தவை, மிக இளம் வயதுத் தாய்களின் குழந்தைகள் ஆகியோருக்கு அபாயம் அதிகம். வயதையும் பலவீனத்தையும் நம்மால் மாற்ற முடியாது. வெளி நெருக்கடியை மாற்றலாம்.

இந்த இடத்தில் கொல்லிமலையை நியாயமாகப் பார்க்க வேண்டும். மலையாளிப் பழங்குடி வீட்டுக் குழந்தை தரையில் விரித்த பாயில், தாய்க்குப் பக்கத்தில், தாய்ப்பால் குடித்து வளர்கிறது. கெட்டியான சமதளம், கைக்கெட்டும் தூரத்தில் தாய், தாய்ப்பால் ஆகிய மூன்றையும்தான் மேலை நாட்டு மருத்துவச் சங்கங்கள் இன்று வலியுறுத்துகின்றன. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் தாயோடு சேர்ந்தே தூங்கும் தெற்காசியக் குழந்தைகளிடம் இந்த மரணம் வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளைவிட வெகு குறைவு; அந்தத் தாய்மார்கள் புகைப்பதும் மது குடிப்பதும் அரிது என்பதும் முக்கியக் காரணம். தனி அறை, தனித் தொட்டில் என்று மலைக்குப் போய் உபதேசிப்பது வீண் வேலை. பக்கத்திலேயே குழந்தைக்கென ஒரு சிறு பாய் போதும். புகைத்தவர், குடித்தவர், அசதியில் நினைவின்றித் தூங்குபவர் குழந்தையை ஒட்டிப் படுக்கக் கூடாது. எடை குறைந்த குழந்தை என்றால் இதில் விலக்கே கிடையாது.

மாற்ற வேண்டியவை வேறு. பிறந்த முதல் சில நாட்களுக்குக் குல்லா தேவைதான். வாரங்கள் கடந்த பிறகு, தூங்கும் குழந்தையின் தலையை மூடினால் உடல் வெப்பம் வெளியேற வழியில்லை. பெரியவர்கள் போடுவதைவிட ஓர் அடுக்குத் துணி கூடுதலாகப் போட்டு, மேலே போர்த்துவது மார்புக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் மலைக்குளிருக்குப் போதுமானது. பிடரியில் வியர்வை இருந்தால் துணி அதிகம் என்று அர்த்தம். மூடிய அறைக்குள் கணப்பு கூடவே கூடாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கிய பெரியவர்களே நச்சுவாயுவால் இறந்திருக்கிறார்கள். குளிப்பாட்டியதும் காட்டும் சாம்பிராணிப் புகை, மூக்கில் ஊதுவது, மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவது ஆகியவற்றையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி வரும் நிமோனியாவைத் தென்னிந்தியக் குழந்தைகளிடம் 1970களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தூளியை என்ன செய்வது? அழும் குழந்தையை அமர்த்த அதைவிட நல்லது இல்லை என்று எந்தப் பாட்டியும் சொல்வார். அமர்த்தட்டும். ஆனால் தலை நிற்காத குழந்தை சேலையின் வளைவுக்குள் மோவாய் மார்பில் அழுந்தக் கிடந்தால் மூச்சுக்குழாய் மடங்குகிறது. தூங்கியதும் எடுத்துப் பாயில் கிடத்திவிட வேண்டும். நகரத்தில் இதே ஆபத்து மெத்துமெத்தென்ற மெத்தை, சுற்றுத் தலையணை, சாய்வுத் தொட்டில் வடிவங்களில் விற்பனைக்கு வருகிறது. அமெரிக்காவில் ஒரே வகைச் சாய்வுத் தொட்டில்கள் 47 லட்சம், 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, 2019இல் திரும்பப் பெறப்பட்டன.

பழக்கத்தை ஒழிக்காமல் திருத்தலாம் என்பதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சாட்சி. பெற்றோரோடு படுக்கும் வழக்கத்தைக் கைவிட அவர்கள் தயாராக இல்லை. டேவிட் டிபெனே லீச் என்ற மாவோரி மருத்துவரும் நெசவுப் பெண்களும் சேர்ந்து, நாரால் முடைந்த கூடைப் படுக்கையைப் பெற்றோரின் படுக்கைக்குள்ளேயே வைக்கக் கொடுத்தார்கள். அதுவும் அதன் பிளாஸ்டிக் வடிவமும் பரவிய 2009 முதல் 2015 வரையிலான காலத்தில், பிறந்த முதல் வாரத்துக்குப் பிந்தைய சிசு மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. மூங்கில் கூடையும் முறமும் முடையத் தெரிந்த நம் ஊர்களில் இது முடியாத காரியமா?

தடுப்பூசி மீது விழும் பழியும் தூக்கத்தில் நேரும் இந்தத் திடீர் மரணங்களோடு பிணைந்தது. இந்த மரணங்கள் உச்சம் தொடுவது இரண்டு முதல் நான்கு மாத வயதில். ஐந்து நோய்த் தடுப்பூசி போடுவதோ 6, 10, 14 வாரங்களில். ஊசி போட்ட மறுநாள் ஒரு குழந்தை தூக்கத்தில் இறந்தால் ஊர் முழுக்க ஊசியைத்தான் சொல்லும். இலங்கையில் 2008 ஜனவரியில் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, சில குழந்தைகள் இறந்ததால் ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, நிபுணர்களின் ஆய்வுக்குப் பிறகு 2010இல்தான் திரும்பியது. செவிலியர் மலைப்பாதையில் நடந்து போய் ஈட்டிய நம்பிக்கை ஒரே மரணத்தில் உடைந்துவிடக் கூடும். ஒவ்வொரு திடீர் மரணத்தையும் முறையாக ஆராய்வது தடுப்பூசிக்கும் பாதுகாப்பு.

இதையெல்லாம் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. மலைப்பகுதி ஆஷா பணியாளர்கள் பிறந்த 42ஆம் நாள்வரை வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கிறார்கள். அதற்கடுத்த வருகை மூன்றாம் மாதத்தில். ஆபத்தான வாரங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் விழுகிறது. ஆனால் அதே வாரங்களில் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதன்கிழமைத் தடுப்பூசிக்கு வருகிறாள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்கவும் செய்கிறாள். அந்த அரை மணியில் குழந்தையை எப்படிப் படுக்கவைப்பது என்று ஒரு பாயும் பொம்மையும் வைத்துச் செய்து காட்டினால் போதும். பாட்டியும் கூட இருக்க வேண்டும். வீட்டில் குழந்தையைப் படுக்கவைப்பது பெரும்பாலும் அவர்தான். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்காக 2015இல் தொடங்கப்பட்ட 16 பொருள் பரிசுப் பெட்டகத்தில் குழந்தைப் படுக்கையும் கொசுவலையும் இருந்தன. பின்லாந்து 1938 முதல் கொடுத்துவரும் பெட்டி, பல வீடுகளில் குழந்தை முதலில் தூங்கும் இடமாகவே பயன்படுகிறது. நம் படுக்கையின் மேல் மல்லாந்து தூங்கும் குழந்தையின் படத்தை அச்சிட எவ்வளவு செலவாகிவிடும்?

குழந்தையை இழந்த வீட்டுக்கு முதலில் வருவது காவல்துறை என்றால் அங்கே உண்மை பேச யாரும் துணிவதில்லை. பெண் சிசுக்கொலையின் வரலாறு கொண்ட பழைய சேலம் மாவட்டத்தில், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் பிறந்த மண்ணில், சந்தேகம் எழுவது இயல்பு. கொலையைத் தேடத்தான் வேண்டும். ஆயினும் எப்படிப் படுத்திருந்தது, என்ன போர்த்தியிருந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்ற கேள்விகளை மருத்துவ அலுவலர் முதல் நாளிலேயே, குற்றஞ்சாட்டும் தொனி இல்லாமல் கேட்டுப் பதிவு செய்தால் மட்டுமே அந்த மரணத்திலிருந்து ஏதாவது தெரிய வரும். அந்தத் தாய் அடுத்த முறை கருவுறும்போதும் அந்தப் பதிவு கூடவே வர வேண்டும். பிரிட்டனில் குழந்தையை இப்படி இழந்த குடும்பங்களுக்கு அடுத்த குழந்தை பிறந்ததும் சுகாதாரப் பணியாளர் அடிக்கடி வீட்டுக்கு வந்து எடை பார்த்துத் துணையிருக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடக்கிறது. கர்ப்பிணிகள் ஒவ்வொருவரையும் எண் கொடுத்துப் பதிவு செய்யும் தமிழ்நாட்டில், அதற்கு அந்தப் பதிவில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் போதும்.