பட்டாவில் இல்லாத விவசாயி

நாட்டின் பொருளாதாரத்தில் வேளாண்மையின் பங்கு என்ன என்று கேட்டால், பாடப்புத்தகம் இரண்டு எண்களைச் சொல்லும். மொத்த மதிப்புக்கூட்டலில் ஏறத்தாழ 18 சதவீதம். உழைப்பவர்களில் ஏறத்தாழ 46 சதவீதம். இத்தனை பேர் உழைத்து இவ்வளவுதானா, உற்பத்தித்திறன் குறைந்த துறை என்று முடித்துவிடுவார்கள். அந்த உழைப்பாளிகள் யார் என்ற கேள்வி மட்டும் தேர்வுத்தாளில் வருவதில்லை.

நாம் கேட்போம். 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் வேலை செய்யும் ஆண்களில் சுமார் பாதிப்பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள். பெண்களில் நான்கில் மூன்று பேர். நாற்றுப் பறிப்பது, நடுவது, களையெடுப்பது, கதிர் அறுப்பது, விதையைக் காப்பது, மாட்டைப் பார்ப்பது எல்லாம் அவள். அடுத்தவர் வயலில் ஆணைவிடக் குறைந்த கூலி. சொந்த வயலில் கூலியே இல்லை. அங்கே கணக்கெடுப்பு அவளுக்கு வைத்திருக்கும் பெயர், ‘குடும்பத் தொழிலில் உதவியாளர்’.

உதவியாளரா? அப்படியானால் விவசாயி யார்? பட்டாவில் பெயர் உள்ளவர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் பெண்கள் பொறுப்பில் இருந்த சாகுபடி நிலங்கள் எண்ணிக்கையில் நூற்றுக்குச் சுமார் 14. பரப்பளவில் அதைவிடக் குறைவு. பயிர்க்கடன் கேட்டுப் போனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்கிறார்கள். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6000 ரூபாயும் நிலமுள்ள குடும்பத்துக்குத்தான்.

கணவனுக்குக் கிடைத்தால் அவளுக்குக் கிடைத்த மாதிரிதானே என்பார்கள். அவன் குடித்தால்? கடனை வைத்துவிட்டுச் செத்தால்? ‘மாதிரி’யை வைத்து எந்த வங்கியும் கடன் தராது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். ஆம், தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் மகளுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு வந்தது. அதன் பிறகும் ‘சீர் செய்தோமே’ என்ற ஒரு சொல்லில் பத்திர அலுவலகத்துக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிலமே இல்லாத தலித் வீட்டு மகளுக்கோ அந்தச் சமபங்கு பூஜ்யத்தில் பாதி. அவளுக்கு வேண்டியது வாரிசுரிமை அல்ல; பறிபோன பஞ்சமி நிலம்.

நம் அகப்பொருள் இலக்கணம் மருத நிலத்து மக்களைப் பட்டியலிடும்போது உழவரோடு உழத்தியரையும், கடையரோடு கடைசியரையும் சேர்த்தே சொல்கிறது. உழைப்புக்கு அவளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் நிலத்தின் தலைவன் அங்கேயும் ஊரன்தான். இலக்கணம் அன்று செய்ததை வருவாய்த்துறை இன்று செய்கிறது. அந்தப் பெயரையும் பிடுங்கிக்கொண்டு.

வேறு வழி இல்லாமல் இல்லை. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாகுபடி செய்யும் பெண் விவசாயிதான், கிராம சபையின் ஒப்புதலோடு அவளுக்குச் சான்று தர வேண்டும் என்று எம். எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அது காலாவதியானது. எந்த அரசும் அதைத் தன் மசோதாவாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சான்று வேண்டும். அரசு தரும் ஒவ்வொரு பட்டாவும் பெண் பெயரிலும் வேண்டும். வகுப்பில் இனி யாராவது கரும்பலகையில் 46 என்று எழுதினால், கை தூக்கிக் கேளுங்கள்: இதில் எத்தனை பேரை நீங்கள் விவசாயி என்று அழைக்கிறீர்கள்?