2024-ல் நான் முழுசாகக் கேட்ட ஆல்பங்கள் (கொஞ்சம் நீளமான பதிவு)

வருஷக் கடைசி வந்தாச்சு. எல்லோரும் பிடித்த ஆல்பம் பட்டியல் போடுகிறார்கள். நானும் போடுறேன். ஆனால் என் பட்டியல் கொஞ்சம் கோணலாக இருக்கும். காரணத்தை முதலில் சொல்லிடுறேன்.

கடந்த பிப்ரவரியில் ஒரு ஆடியோகிராம் எடுத்துக்கொண்டேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்களே, அந்தப் பரிசோதனைதான். 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் வரை கோடு நேராக வந்தது. 4000-ல் இடது காது பள்ளத்தில் விழுந்த மாதிரி கீழே இறங்கி, 8000-ல் கொஞ்சம் ஏறி வந்தது. டெக்னீஷியன் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருஷத்தில் படித்த படம்தான். அதிக சத்தத்தால் கெட்டுப்போன காதின் கையெழுத்து அது.

நான் மயக்க மருத்துவர். எங்க வேலையில் பாதி காதால் செய்கிற வேலை. உங்கள் விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு பீப் போடும். ஆக்ஸிஜன் அளவு இறங்க இறங்க அந்த பீப்பின் சுருதியும் இறங்கும். நான் மானிட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாலும், 98 இருந்த இடத்தில் 92 ஆகிவிட்டது என்று காது சொல்லிவிடும். அந்த பீப் எனக்கு இன்னும் நன்றாகவே கேட்கிறது. பயப்படாதீங்க.

கேட்காமல் போனது வேறு. மாஸ்க் போட்ட ஜூனியர் மருந்தின் அளவைச் சொல்கிறார். ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? திரும்பக் கேட்டேன். அவர் திரும்பச் சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யும் வழக்கம் தியேட்டரில் எப்போதும் உண்டு, அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் டெஸ்ட் எடுத்துடணும்னு முடிவு பண்ணினேன்.

உயிரெழுத்துகள் தாழ்ந்த அலைவரிசையில் இருக்கும், பிழைத்துக்கொள்ளும். ச, ஸ, ஷ, ஃப மாதிரி காற்று உரசி வருகிற ஒலிகள் உயரத்தில் இருக்கும். முதலில் போவது அதுதான். "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அவர்கள் நடிக்கவில்லை, தெரிஞ்சுக்கோங்க.

யார் மேல் தப்பு? என் மேல்தான். படிக்கும் காலத்தில் இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எஞ்சின் இரைச்சலை அமுக்குவதற்காக இயர்ஃபோன் வால்யூமை முழுசாக ஏற்றி, ஊர் வரும் வரை கேட்டவன் நான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். நான் ஒரே ராத்திரியில் இரண்டு வாரக் கோட்டாவை முடித்திருப்பேன். காதின் நத்தை எலும்புக்குள் இருக்கிற நுண்முடி செல்கள் மனிதனுக்கு ஒரு முறை செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது.

சரி, சோகம் போதும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. பியானோவின் வலது கோடிக் கட்டை 4186 ஹெர்ட்ஸ். அதாவது மெட்டு என்று நாம் முணுமுணுப்பதெல்லாம் என் பள்ளத்துக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. எனக்குப் போனது மினுமினுப்புதான். ஜால்ராவின் நுனி, சிம்பலின் வால், தம்புராவின் மேல் ரீங்காரம். இருப்பதை வைத்துக் கேட்பது என்று முடிவு செய்து மூன்று விதி வைத்தேன். இயர்ஃபோன் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசினால் கேட்கும் அளவுக்குத்தான் ஸ்பீக்கர். கேட்டால் முழு ஆல்பம், இல்லையென்றால் சும்மா இருப்பது.

இந்த மூன்றாவது விதிதான் வருஷத்தையே மாற்றியது.

முதல் இடம் பெத் கிப்பன்ஸின் 'லைவ்ஸ் அவுட்க்ரோன்'. யோசிக்கவே வேண்டியதில்லை. போர்டிஸ்ஹெட் இசைக்குழுவின் குரல். மே 17-ல் வந்தது, 10 பாட்டு. எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 10 வருஷம். நெருங்கியவர்களின் சாவு, வயதாவது, மாதவிடாய் நிற்கும் காலம் உடம்பையும் மனசையும் என்ன செய்கிறது, இதெல்லாம்தான் விஷயம். மெனோபாஸ் பற்றி இவ்வளவு நேராக ஒரு ஆல்பம் நான் கேட்டதில்லை. "தூக்கம் வரல டாக்டர், காரணமே இல்லாம அழுகை வருது" என்று சொல்கிற 48 வயது அம்மாக்களுக்கு ஒரு பி-காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்து அனுப்புகிற நம்ம ஆட்கள் இதைக் கேட்கணும். நானும் அப்படி அனுப்பியவன்தான்.

இன்னொரு விஷயம். இதில் டிரம்ஸ் வாசித்த லீ ஹாரிஸ், சத்தம் வழக்கமான டிரம் செட் மாதிரி இருக்கக் கூடாது என்று டப்பர்வேர் டப்பாக்களையும், திரைத்துணி அடைத்த பெட்டியையும் தட்டியிருக்கிறார். கிளாங் என்று ஸ்னேர் அடிக்கிற இடத்தில் ஒரு மெத்தென்ற தட்டல். என் காதுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

அடுத்தது ஷபாகா. லண்டன் ஜாஸ் உலகத்தின் பெரிய சாக்ஸபோன்காரர். 2023 முடிவோடு சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டுப் புல்லாங்குழல்கள் பக்கம் போய்விட்டார். ஜப்பானின் மூங்கில் குழலான ஷாகுஹாச்சி அதில் முக்கியம். ஏப்ரல் 12-ல் வந்த 'பெர்சீவ் இட்ஸ் பியூட்டி, அக்னாலெட்ஜ் இட்ஸ் கிரேஸ்' அப்படி வந்த ஆல்பம். ஜான் கோல்ட்ரேன் 'எ லவ் சுப்ரீம்' பதிவு செய்த நியூஜெர்சி வான் கெல்டர் ஸ்டுடியோவிலேயே பதிவு. வாசித்தவர்கள் யாரும் ஹெட்ஃபோன் மாட்டவில்லை, நடுவில் தடுப்பு இல்லை, ஒரே அறையில் ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு என்னவோ அவர் என் கட்சி என்று தோன்றிவிட்டது.

கைவந்த வித்தையை உச்சத்தில் இருக்கும்போது வைத்துவிட்டு மறுபடி மாணவனாவதற்கு ஒரு தைரியம் வேணும். 20 வருஷ அனுபவம் உள்ள டாக்டரிடம் "புது கருவி வந்திருக்கு சார், கத்துக்கோங்க" என்று சொல்லிப் பாருங்க, தெரியும்!

ஷபாகாவிலிருந்து கணவ்யாவுக்கு ஒரு எட்டு தூரம்தான். நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி. மார்ச்சில் ஒரு ஆல்பம் ஷபாகாவின் லேபிளில் வந்தது. நவம்பர் 15-ல் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' எனக்கு இன்னும் மேல். 30 பேருக்கு மேல் கூடிப் பாடி வாசித்தது. ஆலிஸ் கோல்ட்ரேனின் நிழல் முழுக்க இருக்கிறது. ஆலிஸ் யாரென்றால் ஜானின் மனைவி, ஹார்ப் கலைஞர், பின்னாளில் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் நடத்தியவர். அவருடைய புகழ்பெற்ற 'ஜர்னி இன் சச்சிதானந்தா' ஆல்பத்தின் பெயரில் இருக்கும் சச்சிதானந்தர் நம்ம கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1969 உட்ஸ்டாக் விழாவைத் தொடக்கி வைத்துப் பேசிய அதே சாமியார்தான். ஆக, கொங்கு மண்ணிலிருந்து அமெரிக்க ஜாஸுக்குப் போன ஒரு நூல், தமிழ்நாட்டில் வளர்ந்த பெண் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. நம்ம ஊர் பத்திரிகைகளில் இதைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள் என்று தேடிப் பார்த்தேன். விடுங்க.

அரூஜ் அஃப்தாபின் 'நைட் ரெயின்'. நைட் டியூட்டி முடிந்து தூக்கம் வராத காலைகளுக்கு. 9 பாட்டு, பெரும்பாலும் உருது. 18-ஆம் நூற்றாண்டு ஹைதராபாத் கவிஞர் மா லகா பாயின் வரிகள் சில இதில் வருகின்றன. எனக்கு உருது தெரியாது. தெரியாமலே மூன்று மாதம் கேட்டேன்.

தி க்யூர் 16 வருஷம் கழித்து நவம்பர் 1-ல் ஆல்பம் போட்டார்கள், 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. முதல் பாட்டில் மூன்று நிமிஷத்துக்கு மேல் போன பிறகுதான் ராபர்ட் ஸ்மித் வாயையே திறக்கிறார். 65 வயசு, குரல் அப்படியே இருக்கிறது. அண்ணன் ரிச்சர்டின் மரணத்தைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. ரீல்ஸில் 15 விநாடியில் அடுத்ததுக்குத் தாவுகிற காலத்தில் மூன்று நிமிஷம் காத்திருக்க வைக்கிற ஆளை எனக்குப் பிடிக்கும். இதை மட்டும் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினேன். ஒத்துக்கிறேன்.

'பிராட்' பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்க ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் என்னை அன்ஃபாலோ பண்ணிடுவாங்க. சார்லி எக்ஸ்சிஎக்ஸ், ஜூன் 7, அந்தப் பச்சை அட்டை. காலின்ஸ் அகராதி இந்த வருஷத்தின் சொல்லாகவே 'பிராட்'டைத் தேர்ந்தெடுத்தது. கிளப் இசை, எனக்கு என்ன வேலை என்று நினைத்தேன். ஆனால் உள்ளே 2021-ல் விபத்தில் இறந்துபோன தோழி சோஃபிக்கு ஒரு பாட்டு இருக்கிறது. குழந்தை பெற்றுக்கொள்வதா, வேலையா என்று ஒரு பாட்டு இருக்கிறது. 30 தாண்டிய எத்தனை பெண் டாக்டர்கள் டியூட்டி ரூமில் இதையே பேசுகிறார்கள்! முழு ஆல்பமாகக் கேட்காமல் இருந்தால் இந்த இரண்டும் எனக்குத் தெரியவே வந்திருக்காது. ஆட்டம் போடும் இரண்டு பாட்டோடு போயிருப்பேன்.

பியான்சேவின் 'கவ்பாய் கார்ட்டர்' 27 டிராக், 78 நிமிஷம். நாட்டுப்புற இசை என்று வெள்ளைக்காரர்கள் பட்டா போட்டுக்கொண்ட நிலத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று நிரூபிக்கிற ஆல்பம். வாதம் சரி, நீளம் அதிகம். அரை மணி நேரம் வெட்டியிருக்கலாம். கெண்ட்ரிக் லமாரின் 'ஜிஎன்எக்ஸ்' நேர் எதிர். நவம்பர் 22-ல் முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது, 12 பாட்டு, 44 நிமிஷம், வந்தான், அடித்தான், போனான்.

"தமிழ் எங்க டாக்டர்?" என்று கேட்பீங்க. நியாயம்.

'மெய்யழகன்' பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கோவிந்த் வசந்தா, கமல் குரல், போதும். ஆனால் சினிமா ஆல்பம் என்ற ஒன்றையே நாம் கொன்றுகொண்டிருக்கிறோம் என்பது என் வருத்தம். மார்ச்சில் ஒரு சிங்கிள், ஜூனில் ஒரு லிரிக் வீடியோ, ரிலீஸுக்கு முந்தைய நாள் மிச்சம். ஐந்து பாட்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஏ பக்கம் முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது புரியும். பி பக்கத்தின் இரண்டாவது பாட்டு என்று ஒன்று இருக்கும், ரேடியோவில் வராது, நமக்கு மட்டும் தெரியும். (லிஸ்ட் எழுதிக் கொடுத்து 60 நிமிஷ கேசட்டில் பதிந்து வாங்கியவர்களும் நாம்தான். அதுவும் ஆல்பம் இல்லை, சரி.)

இந்த வருஷத்தின் சிறந்த தமிழ் ஒலியைக் கேட்டால் 'கொட்டுக்காளி' என்பேன். அதில் இசையே கிடையாது. ஆட்டோ ஓட்டம், சேவல், மூச்சு. தியேட்டரில் எனக்கு எவ்வளவு கேட்கிறது, எவ்வளவு கேட்கவில்லை என்று அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது.

இன்பாக்ஸில் வழக்கமாக வருகிற கேள்விக்கும் பதில் சொல்லிடுறேன். எந்த ராகம் பிரஷரைக் குறைக்கும், எந்த ராகம் சுகரைக் குறைக்கும்? எதுவும் இல்லைங்க. ஆபரேஷனுக்கு முன்னால் இசை கேட்டால் பதற்றம் ஓரளவு குறைகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்திவிட்டு யூடியூப் ராக சிகிச்சை கேட்டுப் பக்கவாதத்தோடு வருகிறவர்களைப் பார்க்கிற வலி எங்களுக்குத்தான் தெரியும். பாட்டுக்கு மருந்து வேஷம் வேண்டாம், பாட்டாக இருந்தாலே போதும்.

இன்னொன்று. ஒரே நாளில் திடீரென்று ஒரு காது அடைத்து, கேட்காமல் போனால் "அழுக்கா இருக்கும், சரியாகிடும்" என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்காராதீங்க. அது அவசர நிலை. அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. சிகிச்சை சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பலன்.

கடைசியாக ஒரு விதிமீறல். ஜாகிர் உசேன் டிசம்பர் 15-ல் சான் பிரான்சிஸ்கோவில் போய்விட்டார். 73 வயசு. இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ். நுரையீரல் தழும்பேறி விறைத்துக்கொண்டே போகும், காரணம் தெரியாது என்பதற்குத்தான் அந்த 'இடியோபதிக்'. முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் வெல்க்ரோவைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். ஒரு முறை கேட்ட டாக்டர் மறக்க மாட்டார்.

அந்தச் செய்தி வந்த ராத்திரி சக்தி குழுவின் 'திஸ் மொமெண்ட்' போட்டேன். 2023-ல் வந்த ஆல்பம், அதனால் பட்டியலில் சேராது. ஆனால் கிராமி வாங்கியது இந்த வருஷம் பிப்ரவரியில், நான் ஆடியோகிராம் எடுத்த அதே மாசம். அதில் நம்ம செல்வகணேஷின் கஞ்சிரா இருக்கிறது. கஞ்சிராவின் ஓரத்தில் கோத்திருக்கிற சிறு தகடுகள் சிலிர்க்கிற சத்தம் சரியாக என் பள்ளத்தில் விழும். இடது பக்கம் ஒன்றும் இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு வலது காதை ஸ்பீக்கருக்குக் காட்டி உட்கார்ந்தேன். கேட்டது.

அடுத்த டெஸ்ட் வர்ற பிப்ரவரியில். கோடு அதே இடத்தில் நின்றிருந்தால் இங்கேயே வந்து சொல்றேன். நீங்க இந்த வருஷம் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்ட ஆல்பம் எது? கீழே எழுதுங்க. நான் ஸ்பீக்கரில், மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.