காய்ந்த பாசி செத்துப்போகவில்லை!



மழைக்காலத்தில் மதில் சுவரில் பச்சை வெல்வெட் விரித்ததுபோல் பாசி வளரும். கோடை வந்ததும் பழுப்பாகிச் சுருண்டுவிடும். "செத்துப்போச்சு, சுரண்டிப் போடு" என்பார்கள் பெரியவர்கள். சுரண்டும் முன் ஒன்று செய்யுங்கள். அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். சுருண்ட இலைகள் விரியும். பச்சை நிறம் திரும்பும்!

குளத்தில் மிதப்பது ஆல்கா என்ற பாசி. சுவரில் மெத்தைபோல் வளர்வது வேறு. அதன் பெயர் மாஸ். இதற்குப் பூ இல்லை, விதை இல்லை. உண்மையான வேரும் இல்லை. நூல் போன்ற இழைகளால் சுவரைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதாலும் தண்ணீரை உறிஞ்சுகிறது.

விதை இல்லாமல் எப்படிப் பெருகும்? மழைக்காலத்தில் குனிந்து பாருங்கள். சில பாசிகளில் மயிரிழை போன்ற காம்புகள் நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகு போல ஒரு பை. அதற்குள் தூசி போன்ற ஸ்போர்கள். பாடப்புத்தகத்தில் வரும் ஃபியுனேரியாவில் இந்தப் பையின் வாயில் பற்கள் உண்டு. ஈரக் காற்றில் அவை மூடிக்கொள்ளும். உலர்ந்த காற்றில் திறந்து ஸ்போர்களை வெளியே விடும்.

ஈர மண்ணில் விழுந்த ஸ்போர், முதலில் பச்சை நூலாகப் படரும். அதில் மொட்டுகள் தோன்றிப் பாசிச் செடியாகும். செடியில் ஆண் செல்களும் முட்டைகளும் உருவாகும். ஆண் செல்லுக்கு இரண்டு வால்கள்; அது முட்டையிடம் நீந்தித்தான் போகவேண்டும். ஒரு மழைத்துளிதான் அதற்கு ஆறு! மண்ணில் வாழும் குட்டி உயிரினங்களும் ஆண் செல்களைச் சுமந்து செல்வதாக 2006-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இரண்டும் சேர்ந்ததும், தாய்ச்செடியின் மேலேயே காம்பும் பையும் வளரும். மறுபடியும் ஸ்போர்கள். இலைச்செடி ஒரு தலைமுறை, காம்பும் பையும் அடுத்த தலைமுறை என்று மாறி மாறி வருவதைச் 'சந்ததி மாற்றம்' என்கிறோம்.

இதன் உறவினரான மார்கான்ஷியாவுக்கு இன்னொரு வழியும் உண்டு. அதன் உடலில் சின்னக் கிண்ணங்கள் இருக்கும். மழைத்துளி விழுந்தால், கிண்ணத்திலுள்ள பச்சைத் துணுக்குகள் தெறித்துப் போய்ப் புதுச் செடிகளாகும்.

பாசியின் பொறுமையைக் கேளுங்கள். அண்டார்டிகா அருகே சிக்னி தீவில், 1,500 ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்த பாசியை வெட்டியெடுத்து, வெளிச்சமும் மிதமான சூடும் கொடுத்தார்கள் விஞ்ஞானிகள். அது மீண்டும் துளிர்த்தது! இந்தச் செய்தி வெளியானது 2014-ல்.

வழுக்கும் படிக்கட்டில் பாசி இருந்தால் அகற்றத்தான் வேண்டும். ஆனால் ஊட்டி, கொடைக்கானல் போகும்போது மரத்தில் படர்ந்த பாசியை விளையாட்டுக்குப் பிய்க்காதீர்கள். சோலைக் காடுகளில் அது மழையையும் பனிமூட்டத்தின் ஈரத்தையும் பஞ்சுபோல் பிடித்துவைத்து, மெல்ல மெல்லச் சொட்டவிடுகிறது. அந்த ஈரத்தை நம்பி எத்தனையோ சிற்றுயிர்கள் வாழ்கின்றன.

அசையாமல் கிடப்பதெல்லாம் பயனற்றது என்று முடிவுகட்ட வேண்டாம், செல்வங்களே. ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்!