பெயர் சொல்லி அறிக்கையிட்ட பாவம்

சிவில் உரிமைப் போராட்டக் காலத்திலும் அதன் பின்னும் நடந்த பாவங்களை, அமெரிக்காவின் சீர்திருத்த மரபுச் சபைகளுள் முக்கியமான பிரஸ்பிடேரியன் சர்ச் இன் அமெரிக்கா (பி.சி.ஏ.) 2016 ஜூனில் பெயர் சொல்லி அறிக்கையிட்டது. நிறத்தைக் காரணம் காட்டி உறுப்பினராக ஏற்க மறுத்தது, இனப் பிரிவினைக்கு வேதாகமம் இடம் தருகிறது என்று போதித்தது, வெள்ளையின மேலாதிக்க அமைப்புகளில் சேர்ந்தது என எதையும் பூசிமெழுகவில்லை. அலபாமாவின் மொபைல் நகரில் கூடிய பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம் அது.

அந்தப் போராட்டக் காலத்துக்குப் பின், 1973-இல் பிறந்த சபை, பழியை முன்னோர் தலையில் கட்டியிருக்கலாம். கட்டவில்லை, அதற்காக மதிக்கிறோம்.

ஆனால், வசனத்தைச் சொல் சொல்லாக ஆராயும் மரபு இது. அந்த ஆராய்ச்சி, ஆராதனை வாசலில் தடுக்கப்பட்ட கறுப்பினச் சகோதரனை எப்படிக் காணாமல் போனது? சபையின் பணி ஆவிக்குரியது மட்டுமே, சமூக விவகாரம் அரசின் பாடு என்ற தென்மாநிலக் கொள்கை மௌனத்துக்குத் திரையாக இருந்தது. அந்தக் கொள்கையை இறையியல் கல்லூரிகள் வகுப்பறையில் வைத்து வெளிப்படையாக விசாரிக்க வேண்டும். 1960-களிலேயே இருந்த ஒவ்வொரு உள்ளூர்ச் சபையின் மூப்பர்களும் அக்காலக் கூட்டக் குறிப்பேடுகளைச் சபையார் முன் வாசிக்க வேண்டும்.