இரண்டு கைகளும் காலியாக இருக்கட்டும்

நம் சங்கத்து அன்பர்கள் சிலரிடையே மீண்டும் ஒரு கப்பல் பயணம் போகலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. எந்தக் கப்பல், எந்தத் தீவு, ஆளுக்கு எவ்வளவு பணம் என்பதையெல்லாம் செயற்குழு பார்த்துக்கொள்ளும். "நீங்கள்தான் முன்பே போய் வந்தவராயிற்றே, என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். எதையெல்லாம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்ல எளிது. அந்தப் பாடத்தை நான் படித்த விதத்தைச் சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

2019 பிப்ரவரியில் நாங்கள் இருபத்திரண்டு பேர் லட்சத்தீவுக்குப் போனோம். சாலைக் கடைத்தெருவையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த குடும்பங்கள். தம்பானூரில் ரயிலேறி எர்ணாகுளம், அங்கிருந்து கொச்சித் துறைமுகம், ஐந்து நாள் கப்பல் பயணம். இரவெல்லாம் கப்பல் ஓடும். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒவ்வொரு தீவாக இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். மதியச் சாப்பாடு தீவிலேயே கொடுத்துவிடுவார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகளும் ஆழமில்லாத களப்பும் இருப்பதால் பெரிய கப்பல் கரைக்குப் பக்கத்தில் போக முடியாது. கப்பல் வெளிக்கடலில் நிற்கும். பக்கவாட்டில் உள்ள கதவைத் திறந்து நம்மைச் சிறு படகுகளில் இறக்குவார்கள். படகு அலையில் ஏறும், இறங்கும். அது மேலே வரும் கணம் பார்த்துக் காலை எடுத்து வைக்க வேண்டும். மாலுமிகள் இரண்டு பேர் நம் இரண்டு கைகளையும் பிடித்து இறக்குவார்கள். இரண்டு கைகளையும் என்று சொன்னேன். அதுதான் முக்கியம்.

புறப்படும் நாளன்று மூட்டை முடிச்சுகளையெல்லாம் எங்கள் பழைய மளிகைக் கடை வாசலில் சேர்த்து வைத்திருந்தோம். அப்பா காலத்திலிருந்து எங்கள் கடைக்குச் சுமை இறக்கும் பெரியவர் ஒருவர், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், அங்கே நின்றிருந்தார். நாஞ்சில் நாட்டு அரிசி வண்டிகள் சாலைக்கு வந்த காலத்திலிருந்து மூட்டை தூக்கியவர். என் அக்காவின் கையில் இருந்த பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஏழு கிலோவுக்கு மேலே இருக்கும். இதை யாரு சொமக்கப் போறது?"

"பகலில் தீவில் இறங்கும்போது கொண்டுபோகிற பை. அக்காவே வைத்துக்கொள்வாள்" என்றேன்.

"தலையிலே இருக்குற சொமை ஆளை ஒண்ணும் செய்யாது. கையிலே தொங்குற சொமைதான் ஆளை மறிச்சுப்போடும்" என்றார்.

நாங்கள் சிரித்தோம். சும்மாடு கட்டித் தலையில் எழுபது கிலோ தூக்கியவர் ஏழு கிலோவுக்குக் கணக்குச் சொல்கிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மூன்றாம் நாள் கல்பேனி. முதலில் அத்தான் இறங்கினார், வெறும் கையோடு. அடுத்து நான், செல்போனில் படம் எடுத்துக்கொண்டே. பிறகு அக்கா. மாலுமி கையை நீட்டி "பையை விடுங்கள்" என்று மலையாளத்தில் கத்தினார். அக்கா விடவில்லை. எல்லோருடைய சாமானும் அதில்தானே இருக்கிறது, கடலில் விழுந்துவிடுமே என்ற பயம். படகு தாழ்ந்தது. ஒரு கை மாலுமியிடம், மறு கை பையில். விழுந்துவிட்டாள். மணிக்கட்டு மடங்கியது. நெற்றி படகின் விளிம்பில் இடித்தது.

தீவிலுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோனார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் மிகவும் அன்பாகப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "தலையில் அடிபட்டிருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மருந்து சாப்பிடுகிறார்களா?" அக்காவுக்குச் சர்க்கரையும் உண்டு, இருதயத்துக்கு மருந்தும் உண்டு. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அவளுக்கே தெரியாது. காலையில் வெள்ளை, இரவில் மஞ்சள் என்றுதான் தெரியும். மருந்துச் சீட்டை நான் படம் பிடித்து என் செல்போனில் வைத்திருந்தேன். போனை எடுத்தேன். செத்துக் கிடந்தது.

அந்தப் பெரிய பையை ஆஸ்பத்திரி பெஞ்சில் கவிழ்த்தோம். முறுக்கு ஒரு டப்பா, தட்டை ஒரு டப்பா, குடை மூன்று, தண்ணீர் பாட்டில் இரண்டு, அத்தானின் மாற்று வேட்டியும் துண்டும், பேரனின் விளையாட்டுச் சாமான், தேங்காய் எண்ணெய், எவர்சில்வர் சொம்பு, என்னுடைய இரண்டு சட்டை. மருந்துப் பெட்டி மட்டும் இல்லை. அது கப்பல் அறையில் பத்திரமாக இருந்தது.

மகனுக்குப் பேசிக் கேட்கலாம் என்றால் எங்கள் செல்போன்களில் பாதிக்கு அங்கே சிக்னலே கிடையாது. ஆஸ்பத்திரியில் சாதாரணத் தொலைபேசி இருந்தது. டாக்டர் அதை என் பக்கம் நகர்த்தினார். யார் எண்ணை அழுத்துவது? பெங்களூரில் இருக்கும் மருமகனின் எண் எனக்குத் தெரியாது, அத்தானுக்கும் தெரியாது, பெற்ற தாய்க்கும் தெரியாது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் முப்பது வருடங்களுக்கு முன் எங்கள் சாலைக் கடையில் இருந்த போனின் எண். அந்த இணைப்பைத் துண்டித்தே பல வருடங்கள் ஆகிவிட்டன.

தீவுக்காரர் ஒருவர் ஓடிப்போய்ச் சார்ஜர் கொண்டுவந்தார். பின் பொருந்தவில்லை. இன்னொருவர் கொண்டுவந்தது பொருந்தியது. போன் உயிர் பெற்று மருந்துச் சீட்டு தெரிவதற்குள் முக்கால் மணி நேரம். அக்கா இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவள்தான். அதற்கேற்ப டாக்டர் கவனித்துக்கொண்டார். கையில் கட்டோடு ஊர் வந்து சேர்ந்தாள். தெய்வாதீனம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அந்தப் பையை அதே சாமான்களோடு கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 7 கிலோ 400 கிராம். அதில் அக்காவின் சொந்தச் சாமான் எவ்வளவு என்று தனியே நிறுத்தேன். ஒரு கிலோ கூட இல்லை. மீதி ஆறரைக் கிலோ எங்களுடையது. ஆண்கள் கையை வீசிக்கொண்டு நடக்க, வீட்டுப் பெண்கள் ஒருத்தியின் கையில் எல்லாருடைய சுமையையும் தொங்கவிடுவது நம் குடும்பங்களில் பழக்கமாகிவிட்டது. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் இதே கதைதான். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சாலை ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கம் நம் முன்னோர்களிடம் இருந்தது. இறந்தவளுக்குக் கல் நாட்டியவர்கள் நாம். இருப்பவளின் சுமையைக் குறைத்தால் என்ன?

ஆகவே என் முதல் கருத்து இதுதான்: பகல் சுற்றுலாவுக்குக் குடும்பப் பை என்று ஒன்று வேண்டாம். ஆளுக்கு ஒரு சிறு பை, முதுகிலோ தோளுக்குக் குறுக்காகவோ மாட்டுவது, அவரவர் சாமான் மட்டும். அரை லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி அல்லது சிறு குடை, ஒரு துண்டு, அன்றைய மருந்து, அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை. நீரிழிவு உள்ளவர்கள் பிஸ்கட்டோ குளுக்கோஸோ கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. "வெளியூரில் ஒன்றும் கிடைக்காமல் போனால்?" என்று கேட்பார்கள். சாப்பாடு அங்கே கிடைக்கிறது. மாலையில் கப்பலுக்குத் திரும்பத்தான் போகிறோம். மாற்று உடைக்கும் முறுக்கு டப்பாவுக்கும் கப்பல் அறையே போதும்.

இரண்டாவது, செல்போன். என் போன் ஏன் செத்தது என்று பிறகு யோசித்தேன். காலையிலிருந்து வீடியோ எடுத்தது ஒரு காரணம். கடலில் கோபுரம் அகப்படாமல் போன் இடைவிடாமல் சிக்னலைத் தேடிக்கொண்டிருந்தது இன்னொரு காரணம். சிக்னல் இல்லாத இடத்தில்தான் போன் அதிகம் உழைக்கிறது. விமானத்தில் செய்வதுபோல் ஏர்ப்ளேன் மோடில் போட்டுவிட்டால் படமும் எடுக்கலாம், சார்ஜும் நிற்கும். 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. தீவுகளின் தொடர்பு வசதி முன்னேறியிருக்கிறது. ஆனால் நடுக்கடல் நடுக்கடல்தான்.

கப்பல் அறையில் பிளக் குறைவு. நான்கு பேர் ஒரே நேரத்தில் சார்ஜ் போட முடியாது. இரவு படுக்குமுன் முறை வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து நீள ஒயர் பெட்டி கொண்டுபோவதைப் பல கப்பல்களில் அனுமதிப்பதில்லை. முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பவர் பேங்க் குடும்பத்துக்கு ஒன்று போதும். அதன்மேல் 10,000 என்று எழுதியிருந்தாலும் மின்னழுத்தம் மாறுவதில் இழப்பு போகப் போனுக்கு வந்து சேருவது ஏறக்குறைய 6,000தான். இன்றைய போன் ஒன்றை ஒரு தடவை முழுதாக நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். நாலு பேர் படம் எடுத்து விளையாட அது போதாது. ஒரு போனை மாலைவரை உயிரோடு வைத்திருக்கப் போதும். சரியான பின் உள்ள ஒயரைப் புறப்படுமுன் செருகிப் பாருங்கள். போனையும் பவர் பேங்கையும் வெயிலில் மணல்மேல் வைக்காதீர்கள். வாய் மூடும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட போனை நன்றாக உலரும்வரை சார்ஜில் போடக் கூடாது. விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்; சரக்கில் போடும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

குழுவில் ஒரு யோசனை: நான்கு பேருக்கு ஒரு போன் "காவல் போன்" என்று வைத்துக்கொள்ளலாம். அதில் படம் எடுக்கக் கூடாது, பாட்டுக் கேட்கக் கூடாது. ஆபத்துக்கு மட்டும்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகப் படுகிறது. எத்தனை கவனமாக இருந்தாலும் போன் ஒருநாள் அணையும். அணைந்தாலும் நாம் தடுமாறாமல் இருக்க வேண்டும். நாலு விரல் அகலக் காகிதம் ஒன்று போதும். உங்கள் பெயர், சாப்பிடும் மருந்துகள், இரத்தப் பிரிவு, இரண்டு பேருடைய தொலைபேசி எண்கள். தெளிவான எழுத்தில் எழுதி, தண்ணீர் படாமல் உறையிட்டுப் பையில் வையுங்கள். அதன் எடை ஒரு கிராம்கூட இருக்காது. ஏழு கிலோ நானூறு கிராமில் எங்களிடம் இல்லாமல் போனது அந்த ஒரு கிராம்தான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது ஆராட்டு பார்க்கக் கூட்டத்தில் போவோம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்: "கூட்டத்திலே பிரிஞ்சு போனா அழப்படாது. மேத்தன் மணிக்குக் கீழே வந்து நில்லு." பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே இரண்டு ஆடுகள் முட்ட, தாடிக்கார முகம் வாய் திறக்கும் அந்தக் கடிகாரம் தெரியாத குழந்தை சாலையில் உண்டா? போன் இல்லாத காலத்தில் நமக்கு ஒரு இடம் இருந்தது. இன்றும் பத்மநாப சுவாமி கோயிலுக்குள் போனைக் கொண்டுபோக முடியாது; வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறோம். யார் எங்கே நிற்பது என்று முன்பே பேசிக்கொள்ளாத குடும்பங்கள் தரிசனம் முடிந்து ஒருவரையொருவர் தேடி அலைவதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? எந்தத் தீவில் இறங்கினாலும், பிரிந்தால் எங்கே கூடுவது, எத்தனை மணிக்குக் கூடுவது என்பதை இறங்கியவுடனே பேசிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மேத்தன் மணியை நாமே குறித்துக்கொள்ள வேண்டும்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் ஒன்று. புறப்படுவதற்கு முதல் நாள் எல்லோரும் தங்கள் பகல் பையோடு வரட்டும். ஒரு தராசு வையுங்கள், நானே கொண்டுவருகிறேன். இரண்டு கிலோவுக்கு மேலிருந்தால் திறந்து பார்ப்போம். காகிதம் இல்லாதவர்கள் அங்கேயே உட்கார்ந்து எழுதட்டும்.

இந்தப் பயணப் பேச்சை அக்காவிடம் சொன்னேன். இப்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. வரமாட்டாள் என்று நினைத்தேன்.

"நானும் வாறேன். ஆனா என் பையிலே என் சாமான் மட்டுந்தான். உங்க அத்தானுக்கும் ஒரு பை வாங்கிக் குடு" என்றாள்.

நேற்றுச் சாலைக்குப் போய் வாங்கிவிட்டேன்.