முதலுதவி புத்தகத்தில் இருந்தால் போதாது

ஆபத்து நேரும் வேளையில் அருகில் நிற்பவர் வைத்தியராக இருப்பது அரிது. தெல்தோட்டைப் பக்கத்தில் அநேகமாக அது ஒரு பிள்ளையாகவே இருக்கும். தாய் கொழுந்துக்குப் போயிருப்பார், தந்தை மரக்கறிப் பாத்தியிலோ கூலி வேலையிலோ இருப்பார். வீட்டில் பாட்டியும் கைக்குழந்தையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையுந்தான்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது. பணம் வாங்குவதில்லை. நல்ல சேவை. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மலைநாட்டின் வீதிகள் பல மண்ணுக்குள் போயின, தொலைபேசியும் பல இடங்களில் இயங்கவில்லை. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டத்தின் இழப்பு மிகப் பெரிது. மண்ணிலிருந்து தூக்கியெடுத்தவருடைய வாயிலும் மூக்கிலும் உள்ள சேற்றை அகற்ற வேண்டும், மயங்கியிருந்தும் மூச்சு விடுபவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இதற்கு அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியுமா?

முதலுதவி எமது பாடசாலைகளில் இல்லாத பாடமன்று. சுகாதாரமும் உடற்கல்வியும் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. பிள்ளைகள் அதை மனனம் செய்து எழுதிப் புள்ளியும் பெறுகிறார்கள். காயத்தில் இரத்தம் பீறிட்டால் துணியை வைத்து அழுத்தி, கையை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும் என்பதை எழுதலாம். எவ்வளவு பலமாக அழுத்துவது என்பதைக் கைதான் படிக்க வேண்டும். நெஞ்சை அழுத்துவதும் அப்படியே. வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். பொம்மை இல்லாவிட்டால் இறுகக் கட்டிய தலையணையிலாவது பழகலாம்.

நோர்வேயில் 1961 முதல் முதலுதவி பாடத்திட்டத்தில் உண்டு. 12 வயதிலிருந்து ஆண்டுக்கு 2 மணித்தியாலம் உயிர்காக்கும் பயிற்சி கொடுக்கவேண்டும் என்ற கோரிக்கையை உலக சுகாதார அமைப்பு 2015 இல் ஏற்றுக்கொண்டது. ஆண்டுக்கு இரண்டு மணித்தியாலம்! புலமைப்பரிசில் வகுப்புக்காக நாம் பிள்ளைகளை ஓட்டும் ஓட்டத்தில் இது ஒரு சனிக்கிழமைக் காலைக்கும் காணாது.

சின்னப் பிள்ளைக்கு ஏன் இந்தப் பயம் என்று கேட்கும் தாய்மார் உண்டு. புயலைக் கண்ட பிள்ளைக்குப் பயம் ஏற்கெனவே வந்துவிட்டது. செய்வதற்கு ஒன்று தெரிந்திருந்தால் அது குறையும் என்பதே எமது எண்ணம். குளவி கொட்டியவருக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தால், சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது, கடிபட்ட காலை அசையாமல் வைக்க வேண்டும். தீக்காயத்துக்குப் பற்பசை பூசாமல் 20 நிமிடம் ஓடும் தண்ணீர் விட வேண்டும். இவற்றை ஒரு பிள்ளை படித்து வந்தால் வீடே படித்துக்கொள்ளும்.

ஆகவே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோரே, கூரைத் தகடு, மேசை கதிரை பற்றிப் பேசும்போது இதையும் கேளுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்திடமோ சென் ஜோன்ஸ் முதலுதவிப் படையிடமோ பயிற்சியாளரைத் தரும்படி அதிபர் கடிதம் எழுதலாம். தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்பவரையும் அழைக்கலாம். புயல் நாட்களில் இடம்பெயர்ந்தோர் பலர் தங்கியது பாடசாலைக் கட்டடங்களில் அல்லவா? அங்கே ஒரு முதலுதவிப் பெட்டி பூட்டாமல் இருக்கட்டும்.

இன்னுமொன்று. 1990க்கு அழைத்தால் முதலில் கேட்பது, எந்த இடம் என்பதைத்தான். வந்து குடியேறிய இடத்தில் டிவிசன் பெயரும் சந்தியின் பெயரும் உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? பழைய லயத்தின் பெயரைத்தான் பல பிள்ளைகள் இன்னும் சொல்கிறார்கள். அதை இன்றிரவே சொல்லிக் கொடுக்கலாம், அதற்குப் பயிற்சியாளர் வேண்டாம்.