மின்பகுப்பு: மனனம் செய்யும் பாடமல்ல



“சோடியங் குளோரைட்டை மின்பகுத்தால் கதோட்டில் கிடைப்பது யாது?” தோப்பூரில் எம்மிடம் கற்கும் மாணவரிடம் இவ்வாறு கேட்டால், “சோடியம்” என்று பலரும் உடனே கூறுவர். “உருகிய உப்பா, உப்புக் கரைசலா?” என்று திருப்பிக் கேட்பவர் ஓரிருவரே. அந்த ஓரிருவரே பாடத்தை விளங்கியவர்கள் என்பது எமது கருத்தாகும்.

மின்னோட்டம் சேர்வையை வெட்டிப் பிரிக்கிறது என எண்ணுவதே தவறுகளுக்கு முதற் காரணம். திண்ம உப்பிலும் சோடியம் அயன்களும் குளோரைட்டு அயன்களும் உள்ளன. ஆனால் அவை அசைய முடியாதவாறு சாலகத்தில் பிணைக்கப்பட்டுள்ளன. எனவே உலர்ந்த உப்பினூடாக மின் பாயாது. உப்பை உருக்கினாலோ நீரில் கரைத்தாலோ அயன்கள் சுயாதீனமாகின்றன. அதன் பின்னரே நேரேற்ற அயன்கள் கதோட்டை நோக்கியும் மறையேற்ற அயன்கள் அனோட்டை நோக்கியும் செல்கின்றன. கதோட்டில் இலத்திரன்கள் பெறப்படுகின்றன, அனோட்டில் இழக்கப்படுகின்றன.

உருகிய உப்பில் இருப்பவை இரண்டு அயன்கள் மட்டுமே. எனவே சோடியமும் குளோரீனும் கிடைக்கின்றன. உப்பின் உருகுநிலை 801 பாகை செல்சியசு. டவுன்சு கலத்தில் கல்சியங் குளோரைட்டைச் சேர்ப்பது இவ்வெப்பநிலையை ஏறத்தாழ 600 பாகைக்குக் குறைப்பதற்காகும்.

கரைசலில் நீரும் உண்டு. தாக்கவீதத் தொடரில் சோடியம் ஐதரசனுக்கு மேலே உள்ளது. ஆகவே கதோட்டில் வெளிவருவது ஐதரசன் வாயுவே. செறிந்த கரைசலாயின் அனோட்டில் குளோரீன் கிடைக்கும். கரைசலில் எஞ்சுவது சோடியமைதரொட்சைட்டு.

1807இல் ஹம்பிரி டேவிக்கும் இதே அனுபவம் ஏற்பட்டது. பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசலில் மின்னைச் செலுத்தியபோது அவருக்கு ஐதரசனும் ஒட்சிசனுமே கிடைத்தன. அதனை உருக்கிய பின்னரே பொற்றாசியம் கிடைத்தது.

இது வெறும் பரீட்சை வினா அல்ல. ஆனையிறவு உப்பின் கரைசலை மின்பகுத்தே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவையும் குளோரீனையும் உற்பத்தி செய்தது. 1980களில் போரினால் அவ்வுற்பத்தி நின்றுபோனது. எமது மாவட்டத்தின் நிலாவெளியிலும் உப்பளங்கள் உண்டு. உப்பு என்றால் கறிக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆய்வுகூட வசதி இல்லையே எனக் கவலைப்படவும் வேண்டாம். உப்புக் கரைசலில் சிறிது மஞ்சள் தூள் கலந்து, தொடராக இணைத்த நான்கு டோர்ச் பற்றரிகளையும் இரு பென்சில் கரிக்கோல்களையும் கொண்டு ஆசிரியரின் முன்னிலையில் செய்து பாருங்கள். கதோட்டைச் சூழ மஞ்சள் நிறம் சிவப்பாகும். அங்கு காரம் உண்டாகியுள்ளது. அனோட்டருகே நிறம் வெளிறும். அது குளோரீனின் வேலை. குளோரீன் நச்சு வாயு. ஆகையால் திறந்த வெளியில் சில நிமிடங்கள் மாத்திரம் செய்யுங்கள், முகர வேண்டாம். வீட்டு மின்னிணைப்பை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

வினாத்தாளில் மின்பகுப்பைக் கண்டதும் மூன்று கேள்விகளை உங்களிடமே கேளுங்கள்.

1. உருகியதா, கரைசலா?
2. அங்குள்ள அயன்கள் எவை, எந்த மின்வாய்க்குச் செல்லும்?
3. மின்வாய் எதனால் ஆனது?

மூன்றாவது கேள்வி ஏன் என்கிறீர்களா? செப்புச் சல்பேற்றுக் கரைசலைக் காபன் மின்வாய்களால் மின்பகுத்தால் நீலநிறம் மங்கும். செப்பு மின்வாய்களால் மின்பகுத்தால் மங்காது. காரணத்தை நீங்களே எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் இப்பாடத்தில் உங்களுக்கு மனனம் தேவையில்லை.